மெல்ல நீளும் பகல்



பிப்ரவரி 2-ஆம் நாள், ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழாவன்று, மந்திரித்த மெழுகுதிரிகளை ஏந்திப் பவனி வருகிறோம். குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய முதியவர் சிமியோன், அவரைப் பிற இனத்தார்க்கு ஒளியாகக் கண்டு மகிழ்ந்ததன் நினைவு அது. நமக்கு அத்திரி ஓர் அழகிய அடையாளம். குளிர்நாட்டு மக்களுக்கோ அது அன்றாட வாழ்வோடு ஒட்டிய உண்மை.

உரோமை நகரில் டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் பகல் ஏறத்தாழ 9 மணி நேரமே. சென்னையில் அப்போதும் 11 மணி நேரத்திற்கு மேல் பகல் இருப்பதால், அவ்விருளின் பாரத்தை நாம் உணர்வதில்லை. அதன்பின் அங்கே பகல் வளரத் தொடங்குகிறது. ஆயினும் முதல் சில நாட்களில் நாளொன்றுக்கு ஒரு நிமிடங்கூடக் கூடுவதில்லை. ஒருவர் கண்ணிலும் அது படுவதில்லை. மெழுகுதிரித் திருநாள் வருவதற்குள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடியிருக்கும். குளிரோ இன்னும் குறைந்திராது. தவக்காலத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'லெண்ட்' என்னும் பெயரும், பகல் நீளும் வசந்தத்தைக் குறித்த பழஞ்சொல்லினின்று பிறந்ததே. நாம் வாடிய முகத்தோடு எதிர்கொள்ளும் காலத்திற்கு எத்துணை நம்பிக்கையூட்டும் பெயர்!

இக்காலத்தின் முடிவில் வருவது பாஸ்காத் திருவிழிப்பு. பல நூற்றாண்டுகளாக அச்சடங்கு பெரிய சனிக்கிழமை காலையிலேயே நடைபெற்று வந்தது. கதிரவன் ஒளியில் ஏற்றிய பாஸ்காத் திரி யாருக்கு வழி காட்டும்? பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல் அதனை மீண்டும் இரவில் நடத்த அனுமதித்தார். 1956 முதல் அதுவே திருச்சபை எங்கும் ஒழுங்காயிற்று. இருளிடம் செல்லும்போதுதான் விளக்கின் பொருள் விளங்குகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கில், வரப்புத் தகராறால் பேச்சற்றுப் போன உடன்பிறந்தார் இருவர் இருந்தனர். இருவரையும் அழைத்துப் புத்தி சொன்னேன், பயனில்லை. பொறுமையிழந்து, ஒருநாள் பிரசங்கத்தில் ஊரறியக் குத்திக் காட்டினேன். அது என் பிழை. மூத்தவர் பூசைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். நான் அவர் வீடு சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் மறுமொழி சொல்லவில்லை.

அவ்வாண்டுத் திருவிழிப்புக்கு அவர் வந்தார். இருட்டில், தம்பிக்கு அருகில் நிற்கிறோம் என்பதை அறியாமலே நின்றார். தீ கைமாறி வந்தபோது தம்பி தம் திரியைச் சாய்த்துக் கொடுத்தார். முகம் தெரிந்தது. அண்ணன் சற்றுத் தயங்கிப் பின் ஏற்றிக்கொண்டார். அன்றிரவும் அவர்கள் பேசவில்லை. அடுத்த அறுவடையின்போது அண்ணன் வீட்டுக்குத் தம்பி மகன் ஒரு மூட்டை நெல் சுமந்து வந்தான். பேச்சு அதற்கும் பின்னரே.

பகல் வளர்வதுபோல் அருளும் நம் கண்ணுக்குத் தப்பியே வளர்கிறது. உங்கள் இல்லத்திலும் பேச்சற்றுப் போன உறவொன்று இருக்கலாம். இத்தவக்காலத்தில் அதனை ஒரே நாளில் சீர்ப்படுத்த முயல வேண்டாம். என்னைப்போல் அவசரப்படவும் வேண்டாம். ஒரு நிமிட வெளிச்சம் போதும்: ஒரு நலவிசாரிப்பு, ஒரு செபம், வாசல்வரை ஒரு நடை. மீதியை ஒளியின் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

அவருடைய ஆசீர் உங்கள் குடும்பத்தில் தங்குவதாக!