ஸ்காலர்ஷிப் எப்போது மலை ஏறும்?

கல்லூரியில் சீட் கிடைக்க வேண்டுமானால் படிக்க வேண்டும். கிடைத்த சீட்டில் மூன்று வருடம் உட்கார வேண்டுமானால்...? அலைய வேண்டும்!

"கவர்ன்மென்ட் எவ்வளவோ குடுக்குது, இந்தப் பசங்களுக்குத்தான் வாங்கிக்கத் தெரியல." டீக்கடையிலும் ஸ்டாஃப் ரூமிலும் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. இதில் பாதி உண்மை. அரசு கொடுப்பது உண்மைதான். வாங்கத் தெரியவில்லை என்பதுதான் தவறு. வாங்கும் வழி ஏழைக்கு ஏற்றபடி போடப்படவில்லை என்பதே சரி.

முதலில் உண்மையான பாதியைப் பார்க்கலாம். எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-லேயே, அதாவது வெள்ளைக்காரன் காலத்திலேயே தொடங்கிவிட்டது. எஸ்.டி. மாணவர்களுக்கும் அதே போன்ற திட்டம் இருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், கவுன்சிலிங் மூலம் தொழிற்கல்வியில் சேருவோருக்கு 2010-11 முதல் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களின் கட்டணத்தை ஈடுகட்ட 2012-இல் தமிழக அரசு அரசாணை போட்டது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆக, திட்டங்களுக்குப் பஞ்சமில்லை.

சரி, இப்போது கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாக மலை ஏறும் பேருந்தில் ஒரு இடம் பிடித்து உட்காருங்கள். மேலே வெள்ளிமலை, கரியாலூர் என்று கல்வராயன் மலைக் கிராமங்கள் ஆரம்பிக்கும். இங்கே பெரும்பாலும் வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்து மலையாளிகள் இல்லை. மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் அந்தப் பெயர். பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள்.

இந்த மலை 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் வாங்கி 29 வருடம் கழித்துத்தான் அரசாங்கம் இங்கே முழுதாக வந்து சேர்ந்தது. அதற்கு முன் இங்கே பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். தாத்தாவிடம் போய் "பழைய பத்திரம், சர்டிபிகேட் எதாவது இருக்கா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

ஆனால் முதலில் கேட்கப்படுவதே காகிதம்தான். அதிலும் ஒரு வித்தியாசம் பாருங்கள். எஸ்.சி. சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தருகிறார். எஸ்.டி. என்றால் 1989 நவம்பர் முதல் ஆர்.டி.ஓ.தான் தர வேண்டும். கல்வராயன் மலைக்கு 2019-இல் தனி தாலுகா வந்துவிட்டது, நல்ல விஷயம். ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கீழே கள்ளக்குறிச்சியில். ஒரு கையெழுத்துக்காக மலை இறங்க வேண்டும். ஆபீசர் கேம்ப் போயிருந்தால் மறுபடி ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் பஸ் காசு, கூடவே ஒரு நாள் கூலி போச்சு.

"இ-சேவையில் ஆன்லைனில் போடலாமே?" என்று கேட்பீர்கள். போடலாம். ஆன்லைனில் போட்ட விண்ணப்பமும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு படியாக ஏறித்தான் ஆர்.டி.ஓ.விடம் போகிறது. அதற்குப் பிறகு வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு, கல்லூரி போனஃபைடு. ஆதாரோடு இணைத்த போன் அப்பாவிடம் இருக்கும். அப்பா கேரளாவிலோ கர்நாடகாவிலோ தோட்ட வேலையில் இருப்பார். ஓ.டி.பி. அங்கே போகும், மாணவி இங்கே நெட்வொர்க் தேடிக்கொண்டு நிற்பாள். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால் என்றால் அதற்கு ஒரு தனி அலைச்சல். இத்தனையும் அட்மிஷன், ஹாஸ்டல், முதல் செமஸ்டர் ஃபீஸ் எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தை நெரிக்கும் மாதங்களில்!

இதையெல்லாம் தாண்ட முடியாமல் விட்டுவிடும் பிள்ளைக்கு நாம் வைக்கும் பெயர் "விவரம் தெரியாதவள்". நியாயமா?

எதிர்ப்பக்க வாதத்தையும் கேட்டுவிடலாம். போலி எஸ்.டி. சான்றிதழ் என்பது கற்பனை இல்லை. அதில் வேலையும் சீட்டும் பறிபோனது உண்மையான பழங்குடிகளுக்குத்தான். சரிபார்ப்புக் குழுக்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் சொன்னது. மேலும் மலையாளி என்றால் எல்லா மாவட்டத்திலும் எஸ்.டி. கிடையாது; ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் இன்றும் அதற்காகப் போராடுகிறார்கள். ஆகவே அதிகாரி நிதானமாகப் பார்ப்பதில் தவறில்லை. சோதனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகு ஏன் சோதிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. அந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலோ பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலோதானே இருந்தாள்? பன்னிரண்டு வருடம் அரசாங்கத்தின் கண் எதிரிலேயே இருந்தவளிடம், பதின்மூன்றாவது வருடம் "நீ யார்?" என்று கேட்பது என்ன வகை நிதானம்?

இது கல்வராயன் மலைக்கு மட்டுமான வியாதியும் இல்லை. அமெரிக்காவில் கல்லூரி உதவிக்கு ஃபாஃப்சா என்று ஒரு படிவம் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளோடு பல காலம் இருந்தது. 2008-இல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். வருமான வரிக் கணக்கு எழுத வந்த ஏழைக் குடும்பங்களில் சிலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். சிலருக்கு உதவித்தொகை பற்றிய தகவல் மட்டும் சொன்னார்கள். நிரப்பிக் கொடுத்த வீட்டுப் பள்ளி மாணவர்களில், இரண்டு வருடம் கல்லூரியில் தொடர்ந்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 36 ஆனார்கள். தகவல் மட்டும் கேட்டவர்களிடம் சொல்லும்படி மாற்றம் ஏதும் இல்லை! போஸ்டர் ஒட்டுவதும் விழிப்புணர்வுக் கூட்டம் போடுவதும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். புதுமைப் பெண் திட்டத்தையே பாருங்கள். அதற்குச் சாதியும் வருமானமும் தடையில்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாளா என்பதுதான் அடிப்படைக் கேள்வி. அதற்கான விடை பள்ளிக் கல்வித் துறையின் கணினியிலேயே இருக்கிறது. விண்ணப்பமும் கல்லூரி வழியாகவே போகிறது. தன்னிடம் உள்ள தகவலை அரசு தானே எடுத்துக்கொள்ள முடியும் என்பது இங்கே நிரூபணமாகிவிட்டது. அப்படியென்றால் மற்ற உதவித்தொகைகளுக்கும் அதே வழி ஏன் கூடாது?

செய்ய வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே சாதிச் சான்றுக்கான விசாரணையைத் தொடங்கலாம். சோதிக்க மூன்று வருடம் அவகாசம் கிடைக்கும். வருடத்துக்கு இரண்டு நாள் ஆர்.டி.ஓ., வங்கி, ஆதார் மூன்றும் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றாக வரலாம். நூறு பிள்ளைகள் மலை இறங்குவதைவிட மூன்று அலுவலர்கள் மலை ஏறுவது மலிவு.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதன் பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கையில் எடுத்தது. ஒரு மலையைத் திரும்பிப் பார்க்க அத்தனை சாவு வேண்டியிருந்தது. அந்த மலையிலிருந்து ஒரு பிள்ளை டிகிரி முடிப்பதும் திரும்பிப் பார்க்க வேண்டிய செய்திதான்.

அதுவரை, படிக்கிற நண்பர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் வகுப்பில் மலையிலிருந்து வந்து படிக்கும் ஒருவர் இருந்தால், "அப்ளை பண்ணியா?" என்று கேட்டுவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா, ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது, அந்தக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று சேர்ந்து பாருங்கள். கடைசித் தேதிக்கு முன்னால் படிவத்தை அனுப்பிவிட்டு எழுந்திருங்கள்.

அரை மணி நேரம்தான் ஆகும். அந்த அரை மணி நேரத்தில் ஒரு படிப்பு நிற்காமல் போகலாம்.