வலியும் கடுப்பும்

கை உழைப்பாளியின் முதற் கருவி. ஏனைய கருவிகளெல்லாம் அதனைப் பற்றியே இயங்குவன. சேலம் நாமக்கல் சமவெளியிற் பிறந்தார்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓடுகின்றது. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழில் நடக்கின்றது. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் ஒலிக்கின்றன. சேலத்தில் வெள்ளிக் கொலுசும் ஜவ்வரிசியும் பல குடும்பங்களுக்குச் சோறளிக்கின்றன. இவையனைத்தும் கையால் நடப்பன. சில வேளை கையையே பலி கொள்வன. ஆகலின், கைக்குச் செய்யும் அறுவை மருத்துவத்தைக் குறித்துத் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் எழுதப் புகுவது எல்லை கடந்த செயலாகாது என நம்புகின்றேன்.

என் தாய்மாமன் பட்டறைத் தொழிலாளர். சில ஆண்டுகளுக்கு முன் இரும்புத் தகடு ஒன்று நழுவி, அவருடைய முன்கையின் தசைநாண்களை அறுத்துவிட்டது. மருத்துவமனை ஒன்றில், காறை எலும்பின் மேற்புறத்தே ஊசியிட்டுக் கை முழுவதையும் மரக்கச் செய்தார்கள். அறுவை தொடங்கிற்று. முக்கால் மணி நேரம் சென்றபின் மேற்கையில், காற்றுப்பட்டை இறுக்கியிருந்த இடத்தில், இன்னதென்று சொல்லவொண்ணாத ஒரு வேதனை எழுந்தது. அவர் நெளிந்தார். “வலிக்கிறதா?” என்று கேட்டார்கள். “இல்லீங்க” என்றார். அசையலாகாது என்றார்கள். பொறுத்தார், பின்னர்ப் பொறுக்கலாற்றாது கதறினார், இறுதியில் முழு மயக்கம் கொடுத்தே வேலையை முடித்தனர்.

“வலியில்லை என்று ஏன் சொன்னீர்கள், மாமா?” என்று பின்னொரு நாள் வினவினேன். “வெட்டின இடத்தைக் கேக்கறாங்கன்னு நெனச்சேன், அங்கே வலியில்லை. மேலே கடுத்துது. கடுப்பை அவங்க கேக்கலையே!” என்றார். சில திங்கள் கழித்து, ஒட்டிக்கொண்ட தசைநாண்களை விடுவிக்க இரண்டாம் அறுவை வேண்டுமென்றார்கள். அந்தக் கடுப்பை நினைந்து அவர் போக மறுத்துவிட்டார். அவருடைய இரு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை.

அக்கடுப்பு யாது? கையை அறுக்குங்கால் குருதி பெருகினால், நுண்ணிய நரம்பும் நாணும் கண்ணுக்குப் புலப்படா. ஆகவே மேற்கையில் டூர்னிக்கெட் என்னும் பட்டையைக் கட்டிக் குருதியோட்டத்தை நிறுத்துகின்றனர். 1873-இல் ஜெர்மானியராகிய எஸ்மார்க் ரப்பர்க் கட்டினைப் புகுத்தினார். 1904-இல் அமெரிக்கராகிய ஹார்வி குஷிங் காற்றடைத்த பட்டையைப் புகுத்தினார். இற்றை நாளில் பெரும்பாலும் 250 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தை ஒட்டி அதனை இறுக்குவர். இரண்டு மணிக்கு மேல் விடாதிருத்தலே பொது வழக்கு. குருதியற்ற தசையும் நசுங்கிய நரம்பும் அரைமணி, ஒருமணிக்குள் முறையிடத் தொடங்கும். அம் முறையீடு கத்தி குத்துவது போன்ற கூரிய வலியன்று. ஆழ்ந்து, பரந்து, நேரம் செல்லச் செல்ல வளரும் உளைச்சல். முழு மயக்கத்தில் உறங்குவாரிடத்துங்கூட அது குருதியழுத்தத்தை உயர்த்திக் காட்டும். பட்டையைத் தளர்த்தியதும் தணியும்.

நிற்க. கையை மரக்கச் செய்யும் கலையும் இளையதன்று. 1884-இல் கார்ல் கோலர் என்பார் கோகேயின் மருந்தால் கண்ணை மரக்கச் செய்தார். 1911-இல் ஹிர்ஷல் அக்குளின் வழியாகவும், குலென்காம்ப் காறை எலும்பின் மேலாகவும் தோலினூடே ஊசி செலுத்திக் கை நரம்புகளை மரக்கச் செய்யும் வழியைக் கண்டனர். இன்று அல்ட்ராசவுண்ட் கருவியால் நரம்பைக் கண்டே ஊசியிடுகின்றனர். முழு மயக்கத்தினும் இம்முறை பல வகையிற் சிறந்தது. விபத்தில் அடிபட்டு வருவோன் உண்ட வயிற்றோடு வருகின்றான். அவனை முழுதும் மயக்கினால், வயிற்றிலுள்ளது மேலேறி மூச்சுக்குழலில் இறங்கும் இடர் உண்டு.

ஆயின் ஒரு நுட்பம் உளது. கைக்குரிய நரம்புகள் கழுத்தினின்று இறங்கிப் புயத்தருகே பின்னலாக அமைகின்றன. மேற்கையின் உட்புறத்துத் தோலுக்கும் அக்குளுக்கும் உணர்வளிக்கும் நரம்பொன்றோ அப் பின்னலைச் சேர்ந்ததன்று. மார்பின் இரண்டாம் தண்டு நரம்பினின்று விலாவினூடே வருவது. பின்னலை எத்துணை நன்றாக மரக்கச் செய்தாலும் அந்நரம்பு விழித்திருக்கும். பட்டை கட்டும் இடமோ அதனருகே. ஆதலால் அக்குளை ஒட்டித் தோலின்கீழ் மற்றுமோர் ஊசியிடும் வழக்கம் உண்டாயிற்று.

அவ்வூசி எல்லார்க்கும் வேண்டுமோ என்பதில் மருத்துவர்க்குள் ஒருமைப்பாடு இல்லை. பட்டையின் கடுப்பு தோலினின்று மட்டும் எழுவதன்று. தசையினின்றும் நசுங்கிய நரம்பினின்றும் எழுவது. பின்னல் செவ்வனே மரத்திருந்தால் பெரும்பாலார் பட்டையைப் பொறுத்துக்கொள்கின்றனர் என்றும், தேவையற்ற ஊசியும் ஒரு துன்பமே என்றும், மரப்பு மருந்துக்கும் ஓர் அளவுண்டு என்றும் மறுப்போர் கூறுவர். இம் மறுப்பு நேர்மையானது. என் மாமாவுக்கு எக்காரணத்தாற் கடுத்தது என்று தீர்ப்புச் சொல்ல யான் மருத்துவன் அல்லேன். யான் வேண்டுவது எல்லார்க்கும் ஊசியன்று, எல்லாரிடத்தும் வினா.

ஈண்டு நம் மண்ணிற் பிறந்த ஒருவரை நினைத்தல் தகும். இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர் பால் பிராண்டு. 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தவர். தொழுநோயாளர் விரல் இழப்பது பெரும்பாலும் சதை தானே அழுகுவதாலன்று. வலியுணர்வு இன்மையால் தீயும் கருவியும் செய்யும் காயத்தை அறியாமையாலேயே என்று உலகுக்கு விளக்கினார். 2003-இல் மறையுமளவும், வலி மனிதனுக்குக் கொடை என்றே போதித்தார்.

அங்ஙனமாயின் வலியை ஏன் அடக்கவேண்டும் எனச் சிலர் வினவலாம். வலி ஒரு காவற்காரன். மருத்துவனே வீட்டினுள் வந்து பழுது பார்க்கும்போது அவன் கூவுவதாற் பயனில்லை; அவனை உறங்கச் செய்தலே அருள். ஆனால் முன்வாயிற் காவலனை உறங்க வைத்துப் பின்வாயிற் காவலனை மறந்துவிட்டு, “இவ்வீட்டில் ஒலியே இல்லை” என்று சாதித்தல் பொருந்துமா?

எனவே மூன்று செயல்களை வேண்டுகின்றேன். முதலாவது, கத்தியை எடுக்குமுன் விரலை மட்டும் கிள்ளிப் பார்த்து அமையாது, பட்டை கட்டும் இடத்தின் உட்புறத்தையும் தொட்டுச் சோதித்தல் வேண்டும். அங்கே உணர்விருந்து, அறுவையும் நெடிதாகுமெனின், அவ்வோர் ஊசியை இடுதல் வேண்டும். இரண்டாவது, சிறிய அறுவைகளில் பட்டையையே தவிர்க்கலாமோ என எண்ணுதல் வேண்டும். லிக்னோகேயினோடு அட்ரினலின் கலந்து காயத்தருகே செலுத்திக் குருதியைக் குறைத்து, நோயாளி விழித்திருக்கவே கை அறுவை செய்யும் முறை கனடாவின் டொனால்டு லலோண்டு முதலியோரால் இன்று பரவியிருக்கின்றது.

மூன்றாவது, தமிழ் மாணவன் என்ற முறையில் யான் அழுத்திக் கூறுவது. “மேற்கையில் ஒரு பட்டை இறுக்குவோம், நேரமானால் அங்கே கடுக்கலாம், உளையலாம், உடனே சொல்லுங்கள்” என்று முன்னரே நோயாளிக்கு அறிவித்தல் வேண்டும். நம் ஊரார்க்கு வலி ஒன்றன்று. குத்தல் வேறு, குடைச்சல் வேறு; எரிச்சல் வேறு, கடுப்பு வேறு; உளைச்சல் வேறு, மதமதப்பு வேறு. உழவனும் நெசவாளனும் இவற்றைப் பிழையின்றிப் பிரித்து வழங்குகின்றனர். “வலிக்கிறதா?” என்னும் ஒரே சொல்லால் இத்தனையையும் கேட்டுவிட்டதாக எண்ணுவது, மொழியறியாமை மட்டுமன்று, மருத்துவக் குறையுமாகும். இதற்குப் பொருட்செலவில்லை; அரை நிமிடமே செலவு.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தின் நான்கு பகுதிகளைக் கூறுங்கால், மருத்துவனுக்கு முன்னே நோயாளியை வைத்தார். அவ்வரிசை யாப்புக்காக அமைந்தது மட்டுமென்று யான் கருதவில்லை. நண்பர்களே, இக் கல்லூரியினின்று மருத்துவம் பயிலச் செல்வார் நம்முள் சிலர் உளர். அவர்கள் பெரிய ஊர்களிற் கற்று மீண்டு, விசைத்தறியிலும் பட்டறையிலும் கையிழந்து வருவோர் முன் நிற்பர். அந்நாளில், “வலிக்கிறதா?” என்று கேட்டபின், “மேலே கடுக்கிறதா?” என்றும் ஒரு முறை கேட்பார்களாக. என் மாமாவின் இரு விரல்கள் அவ்வொரு வினாவுக்காகவே இன்னும் நீட்டியபடி இருக்கின்றன.