பாலத்தைக் கடந்தால் எட்டு ஆண்டுகள்



ஸ்கூடாயில் வாழும் நமக்குச் சிங்கப்பூர் வேற்று நாடாகத் தோன்றுவதில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு நம் தாமான்களிலிருந்து புறப்படும் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சலே அதற்குச் சான்று. ஊதியம், நாணய மதிப்பு, வீட்டு விலை, பள்ளிக்கூடம் என எல்லாவற்றையும் அந்நாட்டோடு ஒப்பிட்டுப் பேசுகின்றோம். ஆனால், ஆயுளை மட்டும் ஒப்பிட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி, சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைக்கு எதிர்பார்க்கப்படும் சராசரி ஆயுள் 83 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. மலேசியாவில் அது 75 ஆண்டுகளை ஒட்டி நிற்கின்றது. இரு கரைகளுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலம். வேறுபாடோ எட்டு ஆண்டுகள்!

"அவர்கள் பணக்காரர்கள், வாழ்கிறார்கள்" என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் 1970ஆம் ஆண்டின் கணக்கைப் பாருங்கள். அன்று சிங்கப்பூரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 66. மலேசியாவில் ஆண்களுக்கு 61.6, பெண்களுக்கு 65.6. அதாவது, ஏறக்குறைய இரண்டு ஆண்டு இடைவெளி. ஒரே தொடக்கக் கோட்டிலிருந்து ஓடிய இருவரில் ஒருவர் முன்னே போய்விட்டார். நாமும் நின்றுவிடவில்லை. விடுதலை பெற்ற 1957இல் ஆயிரம் குழந்தைகளில் எழுபதுக்கும் மேற்பட்டவை முதல் பிறந்தநாளைக் காணாமலே இறந்தன. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே. இது சிறிய சாதனை அன்று. எனவே, இன்றைய எட்டு ஆண்டு இடைவெளியின் பெரும்பகுதி தொட்டிலில் இல்லை. அதற்குப் பிந்திய வயதுகளில்தான் இருக்கிறது.

இங்கே 'சராசரி' என்ற சொல்லைச் சற்று விளக்க வேண்டும். கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்க. ஐவரில் நால்வர் 80 அகவைவரை வாழ்ந்து, ஒருவர் 25 அகவையில் சாலை விபத்தில் இறந்தால், சராசரி 69. அந்த ஐவரில் எவரும் 69இல் இறக்கவில்லை! ஆகவே, சராசரி ஆயுள் 75 என்றால், "எழுபத்தைந்தோடு நம் கதை முடிந்தது" என்று பொருளன்று. இளமையில் நேரும் ஒவ்வோர் இறப்பும் அந்த எண்ணைக் கீழே இழுக்கின்றது. 2023இல் நம் நாட்டுச் சாலைகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அதே ஆண்டில் சிங்கப்பூரில் 136 பேர். நம் மக்கள்தொகை அவர்களுடையதைப் போல் ஆறு மடங்குக்குக் கீழ்தான் என்பதையும் நினைவில் கொள்க.

சாலை விபத்து மட்டுமே காரணம் என்றால், முதுமையை எட்டியவர்களிடையே வேறுபாடு மறைந்துவிட வேண்டும். அது மறையவில்லை. 65 அகவையை அடைந்த சிங்கப்பூரர் மேலும் ஏறத்தாழ 21 ஆண்டுகள் வாழ்வார் எனக் கணிக்கப்படுகின்றது. நம்மவருக்கு அது 15 முதல் 17 ஆண்டுகள்தாம். பிழைத்து முதுமைக்கு வந்தவர்களும் அங்கிருப்பவர்களைவிட முன்னரே விடைபெறுகின்றார்கள்.

அடுத்து நான் சொல்ல வருவது நம் இனத்தைப் பற்றியது. நாட்டின் மூன்று பெரிய இனங்களில் மிகக் குறைந்த ஆயுள் கொண்டவர்கள் இந்திய ஆண்கள். புள்ளிவிவரத் துறையின் ஆயுள் அட்டவணைகள் ஆண்டுக்காண்டு இதையே சொல்கின்றன. என் வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொன்னால், பாட்டியின் படத்தைப் பிள்ளைகள் தடையின்றி வரைவார்கள். தாத்தாவின் கட்டத்துக்கு வந்ததும், "ஐயா, நான் பிறக்கும் முன்னே அவர் செத்துட்டாரு" என்பார்கள். ஒரு வகுப்பைக் கொண்டு ஆய்வு முடிவு சொல்ல முடியாது என்பதை அறிவேன். ஆயினும், தோட்டத்து வாழ்க்கையையும், பால் மரத்தையும், பழைய கதைகளையும் தமிழில் சொல்ல வேண்டிய ஒருவர் அந்தக் கட்டத்தில் இல்லை என்பது தமிழாசிரியனாகிய எனக்கு வலிக்கின்றது.

ஏன் இப்படி? இறப்பு வீடுகளில் நான் கேட்கும் விடை ஒன்றுதான். "அவருக்கு விதிச்சது அவ்வளவுதான்." இதை நான் ஏற்பதில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் விதி வேறு பேனாவால் எழுதுகின்றதா என்ன?

நம் வீடுகளில் 'இனிப்பு நீர்' என்று அழைக்கப்படும் நீரிழிவையே நான் முதலில் சுட்டுவேன். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வில், வயதுவந்த இந்தியர்களுள் 30 விழுக்காட்டுக்கும் அதிகமானோருக்கு அந்நோய் காணப்பட்டது. எல்லா இனங்களிலும் இதுவே உயர்ந்த விகிதம். 2023ஆம் ஆண்டின் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. நீரிழிவு உள்ளவர்களில் ஐவரில் இருவருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது! முப்பதுக்குக் கீழ்ப்பட்ட இளையோரில் பத்துக்கு எட்டுப் பேர் அறியாமலே நடமாடுகின்றார்கள். நீரிழிவு நேரடியாகக் கொல்வதைவிட இதயத்தையும் சிறுநீரகத்தையும் மெல்ல அரித்துக் கொல்வதே மிகுதி. நாற்பதில் கண்டுபிடித்தால் மாத்திரையோடு முப்பது ஆண்டுகள் வாழலாம். ஐம்பத்தைந்தில் காலில் ஆறாத புண்ணோடு மருத்துவமனைக்குப் போகிறவருக்கு மருத்துவரால் செய்யக்கூடியது குறைவு.

சிங்கப்பூரிலும் நீரிழிவு உண்டு; அங்குள்ள இந்தியர்களிடையேயும் அது மிகுதி. அவர்கள் செய்தது என்ன? நோயைத் தேடிப் போனார்கள். 2023இல் தொடங்கிய திட்டம் ஒன்றின்வழி, நாற்பது அகவையைக் கடந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ள அழைக்கப்படுகின்றார்கள். பானங்களுக்குச் சர்க்கரை அளவைக் காட்டும் தரக்குறியீடு வந்தது. 2023இன் இறுதியில் அது கடைகளில் உடனுக்குடன் கலக்கும் பானங்களுக்கும் விரிந்தது. நாம் 2019இல் சர்க்கரைப் பானங்களுக்கு வரி விதித்தோம். நல்ல செயல்தான். ஆனால் அந்த வரி ஆலையில் அடைத்து வரும் பானங்களைத்தான் பிடிக்கின்றது. மூலைக்கடையில் டின் பால் ஊற்றி இழுக்கும் தே தாரிக்கை அது தொடுவதில்லை. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ரொட்டி சானாயோடு ஒன்று. நம் ஆசிரியர் அறைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்!

சிலர் நியாயமாகவே மறுப்பார்கள். சிங்கப்பூர் ஒரு நகரம். சபா, சரவாக்கின் உட்பகுதிகளையும் கொண்ட ஒரு நாட்டை அதனோடு ஒப்பிடுவது முறையா? முறையன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்கூடாய்வாசிகளாகிய நாம் இந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. சுல்தானா அமினா மருத்துவமனை, நெரிசல் இல்லாத வேளையில், அரை மணி நேரத் தொலைவுக்குள் இருக்கின்றது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்.

"நீண்ட காலம் வாழ்ந்து படுக்கையில் கிடப்பதற்குப் பதில் சீக்கிரம் போய்விடலாம்" என்பாரும் உளர். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இரு நாடுகளிலுமே மக்கள் தம் வாழ்வின் இறுதியில் ஏறத்தாழ எட்டு முதல் பத்து ஆண்டுகளை நோயோடுதான் கழிக்கின்றனர். நமக்கு அந்த நோய்க்காலம் முன்னதாகவே தொடங்கிவிடுகின்றது. அறுபத்தைந்தை ஒட்டியே உடல்நலம் நம்மைவிட்டுப் போகிறது என்றால், நாம் இழப்பது படுக்கை ஆண்டுகளை அல்ல. பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வரக்கூடிய ஆண்டுகளை.

பெற்றோர்களுக்கு ஒரு செய்தி. 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தின்கீழ், சும்பாங்கான் துனாய் ரஹ்மா உதவித்தொகை பெறுவோரும் அவர்தம் துணைவரும், நாற்பது அகவையை எட்டியிருந்தால், இலவசமாக உடற்பரிசோதனை செய்துகொள்ளலாம். பங்கேற்கும் தனியார் கிளினிக்குகளிலும் இது செய்யப்படுகின்றது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் ஆகியவை அதில் அடங்கும். பள்ளிப் பெற்றோரிடம் நான் கேட்டுப் பார்த்த அளவில், தகுதி இருந்தும் இதைப் பயன்படுத்தாதவர்களே மிகுதி. தாய்மார்கள் சிலர் போயிருக்கின்றார்கள். தந்தையர் மிக அரிது. அவர்கள் வேலை முடிந்து பாலத்தைக் கடந்து வீடு சேரும்போது எந்தக் கிளினிக்கும் திறந்திருப்பதில்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: கிளினிக்குக்கு வர இயலாத தந்தையரிடம் கிளினிக்கைப் பள்ளி அழைத்து வரட்டும். தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில், வகுப்பறைக்கு வெளியே ஒரு மேசையும் ஒரு தாதியும் போதும். பிள்ளையின் புள்ளிகளைப் பார்க்க வருகின்ற அப்பா, தம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டுப் போகலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் நினைத்தால் அருகிலுள்ள கிளினிக்கோடு பேசி இதை ஏற்பாடு செய்ய முடியும். 2025 சனவரி முதல் ஜொகூரிலும் வார விடுமுறை சனி, ஞாயிறு என்றாகிவிட்டது. அந்நாளைச் சனிக்கிழமையில் வையுங்கள். மற்ற நாள்களில் அப்பாமார்கள் பாலத்தில் இருப்பார்கள்.