பவளத்துக்குப் பேர் வைக்கிற பஞ்சாயத்து

ஏதோ ஒரு உயிரினத்தோட லத்தீன் பேரை மாத்தினா நமக்கென்னன்னு நானும் இருந்தவன்தான். கல்பவளங்களைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சதும் அந்த நினைப்பு போயிடுச்சு.

கரீபியன் கடல்ல பாறை கட்டுற முக்கியமான பவளம் ஒண்ணு இருக்கு. ரொம்ப காலமா மான்டாஸ்ட்ரேயா அன்னுலாரிஸ்னு பேர். டி.என்.ஏ.வைப் பார்த்தா, அதே பேரினத்துல இருந்த கேவர்னோசாவுக்கு அது நெருங்கின சொந்தமே இல்லை. 2012-ல ஆன் பட், நான்சி நோல்ட்டன் குழு அதை ஆர்பிசெல்லாவுக்கு மாத்திட்டாங்க. அதே வருஷம் அமெரிக்க அரசு வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியல் வரைவுல பழைய பேர், 2014 இறுதிப் பட்டியல்ல புதுப் பேர். சட்டம் வரைக்கும் போற விஷயம் பாருங்க!

இதுல பெரிய சிக்கல் இன்னொண்ணு. மான்டாஸ்ட்ரேயாங்கற பேருக்கு அடையாளமா வச்சிருக்கிற இனம் இன்னிக்கு உயிரோட இல்லை. அது மயோசீன் காலத்து ஃபாசில். அந்தக் கல்லுல டி.என்.ஏ. கிடைக்காது. ஆக, கேவர்னோசா அந்தப் பேரை வச்சிருக்கிறது எலும்புக்கூட்டு ஜாடையை நம்பித்தான். ஜாடையை நம்பித்தானே அன்னுலாரிஸ் விஷயத்துல ஏமாந்தோம்?

"அப்போ ஃபாசில் வகைப்பாடே வேஸ்ட்"னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். யாருக்கு யார் சொந்தம்னு டி.என்.ஏ. சொல்லும். எப்போ பிரிஞ்சாங்கன்னு வருஷக் கணக்கு போட ஃபாசில்தான் வேணும். அதுமட்டுமில்லை, தடுப்புச் சுவர்களை மைக்ராஸ்கோப்புல பார்த்தா தெரியற நுண்ணமைப்பு, டி.என்.ஏ. சொல்றதோட நல்லாவே ஒத்துப்போகுது. வெளித்தோற்றம்தான் நம்மளை ஏமாத்துது.

ஆனா கல்பவளத்தோட கூடு அரகோனைட். மண்ணுக்குள்ள கிடந்து காலப்போக்குல கரைஞ்சுடும், இல்லை கால்சைட்டா மாறிடும். அந்த நுண்ணமைப்பும் அதோட அழிஞ்சுடும். அப்புறம் மிஞ்சறது வெளித்தோற்றம் மட்டும்தான்.

அதனால என் கருத்து இதுதான். நுண்ணமைப்பு அழிஞ்சு போன ஃபாசிலை இழுத்துப் பிடிச்சு ஒரு குடும்பத்துல சேர்க்காதீங்க. "இடம் உறுதியில்லை"ங்கறதுக்கு இன்சர்ட்டே சீடிஸ்னு ஒரு முத்திரை ஏற்கனவே இருக்கு, அதைத் தாராளமாப் போடுங்க. பட்டியல் அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நம்ம புரோகிராம்ல கூட தெரியாத இடத்துல 'நல்' போடறது, தப்பான மதிப்பு போடறதைவிட எவ்வளவோ மேல்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்னா, டிரையாசிக் முடிவுல எத்தனை பேரினம் அழிஞ்சது, எத்தனை தப்பிச்சதுன்னு இந்தப் பேர்களைத்தான் எண்றாங்க. ஜாடையை வச்சு ரெண்டு காலத்துப் பவளத்துக்கும் ஒரே பேர் கொடுத்துட்டா, செத்துப்போனது உயிர் பிழைச்சதா கணக்குல ஏறிடும். பவளப்பாறைகள் ஒரு பேரழிவுல எவ்வளவு தாங்கும்னு இன்னிக்கு நாம அந்தக் கணக்கைப் பார்த்துத்தானே தைரியப்பட்டுக்கிறோம்?

பேர்தானேன்னு விட முடியலை மக்களே. நீங்க என்ன சொல்றீங்க? :-)