மயிர்த்துளைக் குழாயும் மாணவர் பயிற்சியும்

பாலினின்றும் நீரைப் பிரிக்கும் அன்னத்தை நம் முன்னோர் அறிவுடைமைக்கு அடையாளமாகக் கொண்டனர். நெல்லினின்றும் பதரை நீக்க முறம் உண்டு. மாவினின்றும் கப்பியை நீக்கச் சல்லடை உண்டு. ஒரு துளி இரத்தத்தில் கலந்து நிற்கும் எண்ணிறந்த புரதங்களைப் பிரிப்பதற்கு எம்முறம், எச்சல்லடை உளது? இவ்வினாவிற்கு விஞ்ஞானிகள் கண்ட விடையைச் சுருங்கக் கூறி, அதுபற்றி நம் மாணவர் பயிற்சியைக் குறித்து எமக்குத் தோன்றிய ஒரு கருத்தையும் வெளியிட விரும்புகின்றோம்.

புரதங்கள் நீரிற் கரைந்தவிடத்து மின்னேற்றம் உடையனவாகின்றன. அவ்வேற்றம் எல்லாவற்றிற்கும் ஒரே அளவினதன்று. ஆதலின் கரைசலின் ஊடே மின்சாரத்தைச் செலுத்தின், ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் நகர்ந்து தனித்தனியே பிரிந்து நிற்கும். சுவீடன் தேயத்து உப்சாலாப் பல்கலைக்கழகத்து ஆசிரியராகிய டிசேலியஸ் 1937-ஆம் ஆண்டில் இம்முறையைத் திருத்தமுற வகுத்து, இரத்த நீரின் புரதங்களைப் பகுத்துக் காட்டினார். அதன் பொருட்டு 1948-ல் நோபெல் பரிசும் பெற்றார்.

பின்னர் 1981-ல் அமெரிக்க நாட்டு ஜார்கென்சனும் லூக்காக்ஸும் இவ்வேலையை மயிர்த்துளைக் குழாய்க்குள் அடக்கினர். அவர்கள் கையாண்ட குழாயின் உட்டுளை 75 மைக்ரான் அகலமே. அஃதாவது தலைமயிர் ஒன்றன் பருமனே. குழாய் குறுகியதாதலின் மின்சாரத்தால் உண்டாகும் வெப்பம் விரைவில் வெளியேறும். ஆதலின் 30,000 வோல்ட் வரையிலும் மின்னழுத்தம் கொடுத்துச் சில நிமிடங்களில் பிரிக்கலாகும்.

ஈண்டு ஓர் இடையூறு நேர்ந்தது. இக்குழாய்கள் சிலிகாவினால் ஆயவை; அவற்றின் உட்சுவர் பெரும்பாலும் எதிர் மின்னேற்றம் தாங்கி நிற்கும். நேர் மின்னேற்றமுடைய லைசோசைம் போன்ற புரதங்கள் அச்சுவரிற் சென்று ஒட்டிக்கொள்ளும். தெளிவான கோடாகத் தோன்றவேண்டிய புரதம் வால் நீண்டு மங்கித் தோன்றும். சில புரதங்கள் மறுமுனைக்கு வந்து சேர்வதேயில்லை. அன்றியும், சுவரின் ஏற்றத்தால் குழாயிலுள்ள நீர் முழுதுமே ஒரு புறமாக ஓடி, பிரிவினைக் குலைப்பதும் உண்டு. குற்றம் புரதத்தினிடத்தும் இல்லை, மின்சாரத்தினிடத்தும் இல்லை. கலத்தின் சுவரிலே இருந்தது.

இதற்குத் தீர்வு கண்டவருள் முதன்மையானவர் டிசேலியஸின் மாணவராகிய யெர்டேன். அவர் 1967-லேயே தம் குவார்ட்ஸ் குழாய்களின் உட்புறத்தே மெத்தில் செல்லுலோஸைப் பூசிக் கையாண்டவர். 1985-ல், மயிர்த்துளைக் குழாயின் சுவரோடு ஓர் இணைப்புப் பொருளை இரசாயன முறையாற் பிணைத்து, அதன்மேல் பாலிஅக்ரிலமைடை மிக மெல்லிய படலமாக வளர்த்தார். புரதம் ஒட்டுவது பெரிதும் நீங்கிற்று. நீரோட்டமும் ஏறத்தாழ நின்றது. புதிய மட்சட்டியில் உடனே குழம்பு வையாது, வடிகஞ்சி ஊற்றிப் பல நாள் பழக்கிய பின்னரே நம் இல்லத்துப் பெண்டிர் அடுப்பேற்றுவர். யெர்டேன் செய்ததும் அத்தகையதே.

இச்சிறு குழாயைக்கொண்டு படி கணக்கில் புரதத்தைத் தூய்மை செய்தல் இயலாது. ஒரு முறைக்கு அதனுட் புகுவது துளியினும் மிகச் சிறிய அளவே. மிகுதியாகத் தூய்மை செய்வதற்குப் பெருங்குழாய்கள் வேறுள. தூய்மை செய்ததாகச் சொல்லப்படும் பொருள் மெய்யாகவே தூயதோ என்று சான்று கூறுவதே இதன் சிறப்பான தொழில். இக்காலத்தில் நோயாளர் உடலிற் செலுத்தும் புரத மருந்துகள் பல, உட்பூச்சு இட்ட இத்தகைய குழாய்களிற் சோதிக்கப்படுகின்றன. அச்சான்று பிழைபடின் துன்புறுவோர் மருத்துவமனைக் கட்டிலில் கிடப்போரே.

இனி எம் கருத்தைக் கூறுவோம். கண்டுபிடித்தவர் பெயரும் ஆண்டும் வினாத்தாளில் கேட்கப்படுகின்றன. கலத்தைச் செப்பம் செய்யும் வேலையையோ பணியாளர்க்கு உரியதென்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். சோதனை தவறினால், கரைசலைக் குறை கூறுகின்றோம், தராசைக் குறை கூறுகின்றோம். குடுவையைக் கழுவியது யார், எங்ஙனம் கழுவினார் என்று வினவுவதில்லை. விடை பொருந்தாவிடத்து அண்டை மாணவன் ஏட்டைப் பார்த்து எண்ணைத் திருத்திக்கொள்வதும் நாம் அறியாததன்று. அத்திருத்தத்தினும் பொருந்தாத அவ்விடையே மேலானதென்போம். என்னை? சுவரில் ஒட்டி மறைந்த புரதத்தை உண்மையாகக் குறித்து வைத்தோர் இருந்தமையாலன்றோ அதற்குப் பரிகாரம் தேடப்பட்டது!

ஆதலின், விஞ்ஞான வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டில் ஒரு சோதனையையேனும், கலத்தைக் கழுவுவது முதல் முடிவை எழுதுவது ஈறாக, தம் கையாலேயே செய்தல் வேண்டும். தவறிய சோதனைக்கும், அதன் காரணத்தை ஆராய்ந்து எழுதுவோர்க்கு, மதிப்பெண் அளித்தல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஆசிரியர் பொறுமையும் மாணவர் நேர்மையுமே வேண்டும். இவ்விரண்டும் நம் கல்லூரியில் இல்லையென்று எவரும் கூறார் என நம்புகின்றோம்.