கைக்குட்டைக்கு அடங்காத டீசல் புகை

தொப்பூர் கணவாய் என்றதும் விபத்துதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும்போது பிரேக் பிடிக்காத லாரி மறுநாள் செய்தியாகிவிடுகிறது. எதிர்ப்பக்கம் முதல் கியரில் முக்கி முனகி மேடேறும் லாரி கக்கும் புகையை யாரும் எழுதுவதில்லை. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் கணவாயில் நிற்கும் போலீஸ்காரர்களும், பாளையம் சுங்கச்சாவடி போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்களும்.

2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானபின் வரிசை குறைந்தது உண்மைதான். ஆனால் ஸ்டிக்கரை மெஷின் படிக்காவிட்டால், கையில் ஸ்கேனரோடு ஊழியர்தான் லாரியின் முகப்புக் கண்ணாடி வரை போக வேண்டும். கட்டை தூக்கியதும் டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். கரும்புகை நேரே முகத்துக்கு வரும். மறைக்க ஒரு கைக்குட்டை, பெண்களானால் துப்பட்டா.

அது தூசியைப் பிடிக்கும், புகையைப் பிடிக்காது. டீசல் புகைத்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் குறைவு. துணியின் இழை இடைவெளிகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. என்95 முகக்கவசத்தின் நடு அடுக்கு வேறு ரகம். அதில் பாலிபுரொப்பிலீன் நுண்ணிழைகள் தாறுமாறாகப் படிந்திருக்கும். அது சல்லடைபோல் வேலை செய்வதில்லை. இழைகளில் ஏற்றிய மின்னூட்டம் துகளை இழுக்கும். மிக நுண்ணிய துகள்களோ காற்று மூலக்கூறுகளிடம் இடிபட்டு அலைந்து, தாமாகவே இழையில் போய் ஒட்டிக்கொள்ளும். 0.3 மைக்ரான் அளவில் உள்ளவையே தப்பப் பார்க்கும்; அவற்றிலும் 95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. சோப்புப் போட்டுத் துவைத்தால் மின்னூட்டம் போச்சு. புகையிலுள்ள எண்ணெய்ப் பசையும் அதைக் கெடுக்கும். ஆகவே மாதத்துக்கு ஒரு முகக்கவசம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வது வெறும் கண்துடைப்பு.

இது இருமலோடு நிற்கும் விஷயமல்ல. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது.

2020 ஏப்ரலுக்குப் பின் விற்பனைக்கு வந்த, பி.எஸ்.6 மாசு விதிக்கு உட்பட்ட லாரிகளில் புகைபோக்கிப் பாதையிலேயே பீங்கான் வடிகட்டி உண்டு. பழைய வண்டிகள் இன்னும் பல வருடம் ஓடும். அவற்றுக்கான புகைச் சோதனை, நின்ற இடத்தில் சுமையின் இழுப்பு இல்லாமல் நடப்பது; மேட்டில் அந்த வண்டி என்ன கக்கும் என்று சான்றிதழ் சொல்லாது. ஆகவே மோட்டார் வாகன ஆய்வாளர்கள் கணவாய் அடிவாரத்திலேயே புகைமானியோடு நிற்கட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு 10,000 ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் தருகிறது.

வெளியில் நிற்கும் ஊழியருக்கும் காவலருக்கும் ஐ.எஸ். 9473 தர முத்திரையுள்ள, என்95 ரகத்தை ஒத்த எஃப்.எஃப்.பி.2 முகக்கவசம், முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் அளவில், அடிக்கடி மாற்றித் தரவேண்டும். சாவடி அறைகளுக்குள் ஹெப்பா எனும் நுண்துகள் வடிகட்டி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பினால் வெளிப்புகையின் துகள்கள் உள்ளே நுழையாது. இதைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் சுங்க ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும். வடிகட்டி மாற்றிய தேதியை அறைக் கதவில் எழுதி ஒட்டவும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வடிகட்டிப் பெட்டியை மாட்டியதோடு சரி.