பொழுதும் பயனும்: காசில் ஒளிந்திருக்கும் எழுத்து



"பொழுதுபோக்கா? அதற்கெல்லாம் எங்களிடம் காசேது?" என்று ஜேர்மனிக்குப் புதிதாக வந்த குடும்பங்கள் கேட்பதுண்டு. இம்முறை சொல்லப்போவதற்குக் கடையில் தரும் மிச்சக்காசே போதும்.

ஜேர்மன் யூரோக் குற்றி ஒன்றை எடுத்துப் பாருங்கள். 1, 2, 5 சதங்களில் ஓக் மரக்கிளை, 10, 20, 50 சதங்களில் பிரண்டன்பேர்க் வாசல், 1, 2 யூரோக்களில் கழுகு இருக்கும். அதே பக்கத்தில் ஒரு சிறிய எழுத்தும் உண்டு. அதுதான் குற்றியை அடித்த நாணயச்சாலையின் குறி. ஏ என்றால் பேர்லின், டி மூன்சன், எஃப் ஸ்ருட்காட், ஜி கால்ஸ்றூகெ, ஜே ஹம்பேர்க்.

இடையில் உள்ள பி, சி, இ, எச் எங்கே? 1871இல் ஜேர்மனி ஒரே பேரரசான பின் நாணயச்சாலைகளுக்கு அகரவரிசையில் எழுத்துக் கொடுத்தார்கள். அந்த நான்குக்கும் உரிய சாலைகள் பின்னர் மூடப்பட்டுவிட்டன. நாடு பிரிந்திருந்த காலத்தில் பேர்லின் சாலை கிழக்கில் இருந்தது. அதனால் மேற்கு ஜேர்மன் மார்க்கில் ஏ இல்லை. 1990இல்தான் அது சேர்ந்தது.

எப்படித் தொடங்குவது? பிள்ளையின் கொப்பியில் ஐந்து வட்டம் கீறுங்கள். ஒரு சதக் குற்றியில் ஐந்து எழுத்தையும் தேடுங்கள். முதலீடு ஐந்தே சதம்! எட்டு வகைக் குற்றிகளிலும் ஐந்தைந்து சேர்த்தால் 40 குற்றிகள், பெறுமதி 19 யூரோ 40 சதம். இன்னும் வசதி வந்தால் 16 மாநிலங்களுக்கும் 2006 முதல் 2022 வரை வெளிவந்த 2 யூரோ நினைவுக் குற்றிகளைத் தேடலாம். கேல்ன் தேவாலயம் 2011இலும் நொய்ஸ்வான்ஸ்ரைன் கோட்டை 2012இலும் வந்தன. பிள்ளைகள் நாட்டின் படத்தையும் கூடவே படித்துவிடுவார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். புளி போட்டு மினுக்காதீர்கள். மினுக்கிய குற்றியைச் சேகரிப்பவர்கள் விரும்புவதில்லை. அடுத்தது, "அபூர்வம்" என்று யாராவது விலை சொன்னால் உடனே வாங்காதீர்கள். 1950ஆம் ஆண்டு ஜி எழுத்துடன், பழைய வங்கியின் பெயரே தவறாகப் பொறிக்கப்பட்ட 50 பெனிக் குற்றி சுமார் 30,000 மட்டுமே அடிக்கப்பட்டது. அதற்குப் போலிகளும் உண்டு. சாதாரண பழைய மார்க் கிடைத்தாலும் எறியவேண்டாம். 1 யூரோவுக்கு 1.95583 மார்க் என்ற கணக்கில் ஜேர்மன் மத்திய வங்கி காலவரையின்றி மாற்றித் தருகிறது.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கொப்பி இருந்தது. ஒரு மாதக் கடைசியில் பால் வாங்கக் காசில்லை. மகனே கொப்பியைக் கொண்டுவந்து, குற்றிகளைக் கழற்றி மேசையில் வைத்தான். எனக்குத் தொண்டை அடைத்தது. அவனோ, "அப்பா, வட்டமெல்லாம் அப்படியே இருக்குத்தானே, திரும்பச் சேர்ப்பம்" என்றான். ஊரில் நான் சேர்த்த முத்திரை அல்பம் இடம்பெயர்ந்த அன்றே அலுமாரியோடு போய்விட்டது. இந்தச் சேகரிப்பு அப்படியல்ல. இன்று செலவழித்தாலும் நாளை மிச்சக்காசோடு திரும்பிவரும்.

இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் உங்கள் பணப்பையை மேசையில் கொட்டிப் பாருங்கள். எந்த எழுத்து முதலில் வந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.